நாற்பத்தோராவது பல்

சோரியாங்குப்பத்துக்குச் சாலை வேண்டும் என்று ஏழு வருஷம் மனு எழுதிக் களைத்த முசியே அரங்கநாதன், அந்தச் சித்திரையில் மனுவை நிறுத்திவிட்டு, சாலையே தேவைப்படாத ஒரு மோட்டாரைச் செய்துவிடுவது என்று முடிவு செய்தார். முடிவு பிறந்த இடம் அவருடைய கரும்புத் தோட்டத்துக் கோடி. மடைத் தண்ணீர் புரண்டு, பாரவண்டி அச்சு வரை சேற்றில் இறங்கி, மாடு இரண்டும் படுத்துக்கொண்டிருந்தன. அவருடைய இடது கால் செருப்பு எங்கே போனது என்று தெரியாமல் அவர் ஒற்றைக் காலில் நின்றுகொண்டிருந்தார். பெரிய யோசனைகள் பெரும்பாலும் ஒற்றைக் காலில் நிற்கும்போதுதான் வருகின்றன.

முசியே என்பது பெற்றவர்கள் வைத்த பெயர் அல்ல. புதுச்சேரியில் பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தில் இரண்டரை வருஷம் படித்ததற்கு அடையாளமாக அவரே சேர்த்துக்கொண்ட பிரெஞ்சு 'ஐயா'. ஊர் அதை 'மூசே' என்று சுருக்கிக்கொண்டது. பள்ளிக்கூடத்திலிருந்து அவர் கொண்டுவந்த சொற்களில் இன்னும் தேயாமல் இருந்தது 'வுவாலா'. அதற்கு 'பார்த்தாயா, இதோ' என்பது போல ஏதோ பொருள். அவர் வாயில் அது வந்தால் பேச்சு முடிந்தது, நீ போகலாம் என்று அர்த்தம்.

சீமைக்குத் திரும்பிப்போன ஒரு நீதிபதி துரை விட்டுவிட்டுப் போன மோட்டாரை, புதுச்சேரியிலிருந்து நான்கு மாடு பூட்டி இழுத்துக்கொண்டு வந்தார்கள். முன்பக்கம் இருந்த என்ஜினுக்கு உயிர் இருந்தது. என்ஜினின் சுழற்சியைப் பின்சக்கரத்துக்குக் கொண்டுபோகிற உறுப்பு ஒன்றுகூட உருப்படியாக இல்லை; உப்புக்காற்று தின்றுவிட்டிருந்தது. முசியே கவலைப்படவில்லை. பின்பக்கத்துக்கு இரும்புப் பட்டை போட்ட வண்டிச் சக்கரம் இரண்டு. நடுவே பழைய நெல் மிஷினிலிருந்து கழற்றிய சங்கிலி. என்ஜின் பக்கம் ஒரு சின்னப் பல்சக்கரம், பின் அச்சில் ஒரு பெரிய பல்சக்கரம். சின்னது மிஷினோடு வந்துவிட்டது. பெரியதை அடித்துக் கொடுக்கத்தான் ஊரில் ஆசாரி இருக்கிறானே.

வண்டிக்கு 'லா விக்துவார்' என்று பெயரும் வைத்தாகிவிட்டது. வெற்றி என்று பொருளாம். ஊரில் ஏர் வைத்திருந்த தங்கவேல் அதை 'லாவித் துவாரம்' என்று சொல்லிப் பார்த்து, பிறகு முன்பாதியையும் விட்டுவிட்டு 'துவாரம்' என்றே வைத்துக்கொண்டான்.

ஆசாரி இருசப்பனுக்குக் கூப்பிட்டனுப்பியது சித்திரைக் கடைசியில். போனவனிடம் முசியே, "நாலு நாள் வேலை" என்றார். ஐந்தாம் நாள், வேலை நடக்கிற இடத்தில்தான் சாமானும் இருக்க வேண்டும் என்று வண்டி அனுப்பி, இருசப்பன் பட்டறையில் இரும்பை வைத்து அடிக்கிற அடைகல்லையும் சம்மட்டியையும் தன் வீட்டுக் கொட்டகைக்கு ஏற்றிக்கொண்டு போய்விட்டார். கொட்டகை வாசலில் 'கராஜ்' என்று பிரெஞ்சு எழுத்தில் ஒரு பலகை தொங்கியது. அதைப் படிக்கத் தெரிந்தவர் ஊரில் அவர் ஒருவர்தான் என்பதால், பலகையை அவர் பார்க்கத் தோதாக உள்பக்கம் திருப்பி மாட்டியிருந்தார்கள்.

இருசப்பன் வீட்டில் அடுப்பு எரிவது கூலியால் அல்ல. ஊரில் யார் ஏர் பூட்டினாலும் அதன் முனைக்குக் கொழு அடித்துக் கொடுப்பது, அரிவாளுக்குப் பல் வைப்பது, வண்டிக்குப் பட்டை போடுவது எல்லாம் அவன் பொறுப்பு. அதற்குப் பதிலாக அறுவடையில், களத்தில் நெல் தூற்றி முடித்ததும் வீட்டுக்காரன் கைவைப்பதற்கு முன்னால் ஆசாரிக்கு ஒரு பங்கு அளந்துவிட வேண்டும். அந்தப் பங்குக்கு ஊரில் சுதந்திரம் என்று பெயர். இருசப்பனின் அப்பன் வாங்கிய சுதந்திரம், அவன் பாட்டன் வாங்கிய சுதந்திரம். வேலை நின்றால் அது நின்றுபோகும். ஆடிப் பதினெட்டுக்குள் ஊர்க் கொழு அத்தனையும் தீட்டித் தோய்த்துக் கொடுத்தாக வேண்டும் என்பது மட்டும்தான் அதற்கு இருந்த ஒரே கெடு.

வைகாசி போய் ஆனி பிறந்தது. இருசப்பன் வீட்டு வாசலில் கொழுக்கள் குவிந்தன. யாருடையது எது என்று தெரிய ஒன்றில் சிவப்புத் துணி, ஒன்றில் தென்னங்கீற்று, ஒன்றில் பழைய பூணூல் கயிறு என்று கட்டிப் போட்டிருந்தார்கள். அவன் பெண்டாட்டி காசம்மாள் தினம் காலையில் அந்தக் குவியலைச் சுற்றிக்கொண்டுதான் தண்ணீருக்குப் போக வேண்டியிருந்தது.

"இன்னாம்மா காசம்மா, உம் புருசன் மூசே வூட்டுக்கே மருமவனாப் பூட்டாரா?" என்றான் தங்கவேல், தன் இரண்டாவது கொழுவைக் குவியலில் போட்டுவிட்டு.

"பூட்டாரு. சீர்வரிசைன்னு அடைகல்லயும் குடுத்தனுப்பிச்சிட்டேன்."

"சிரிக்கறதுக்குச் சொல்லல. மானம் ரெண்டு வாட்டி இருட்டிப் பாத்துடுச்சி. ஆடி பதினெட்டுக்கு நான் ஏர் பூட்டணும். இந்தக் கொழுவ வெச்சிக்கினு உழுதா மாட்டுக்கு முதுவு சொறிஞ்சி வுட்டாப்ல இருக்கும், மண்ணு பொரளாது."

"நான் இன்னாண்ணா பண்ணுவேன்? துருத்தி ஊதறதுதான் என் வேல. ஊதறேன், அடிக்கறதுக்கு ஆளு எங்க?"

தங்கவேல் குவியலைக் காலால் தள்ளிப் பார்த்தான். "ஆத்துக்கு அந்தாண்ட, கடலூர்ப் பக்கத்துல சாமிநாதன்னு ஒரு ஆசாரி இருக்கறான். ஊரு குடுத்தா வந்து குந்திக்கறேங்கறானாம். நான் சொல்லல. ஊரு சொல்லுது."

"ஊருன்னா யாரு?"

"நீ என்ன வம்புல மாட்டி வுடாத" என்று தங்கவேல் போய்விட்டான்.

கராஜில் பெரிய பல்சக்கரம் பிறந்துகொண்டிருந்தது. புதுச்சேரியிலிருந்து வந்த ஒரே ஒரு கனத்த இரும்புத் தகடு. இருசப்பன் அதில் கயிறு கட்டி வட்டம் கீறி, உளி வைத்து வெட்டி, ஒன்றரைச் சாண் வட்டத் தகடாகத் திருத்தியிருந்தான். ஏட்டுக் கணக்கு அவனுக்குத் தெரியாது. சங்கிலிக்குத் தெரிந்த கணக்கே போதும் என்பது அவன் வழி. சங்கிலியை எடுத்துத் தகட்டின் விளிம்பில் சுற்றினான். கண்ணிக்குக் கண்ணி ஆணியால் குறித்தான். கடைசிக் கண்ணி முதல் குறியில் மயிரிழை பிசகாமல் வந்து உட்கார்ந்தது. கராஜுக்கு வந்த பிறகு அவன் முதல் முறையாகச் சிரித்தது அப்போதுதான். இனிக் குறிக்குக் குறி பள்ளம் வெட்டி அரம் போட்டால் நாலே நாள். ஆனி முடிவதற்குள் அடைகல்லோடு வீட்டுக்குப் போய்விடலாம்.

முசியே காலைப் பலகாரம் முடித்துப் பல்லைக் குத்திக்கொண்டே வந்தார்.

"எத்தினி பல்லு வருது, ஆசாரி?"

"நாப்பது, மூசே."

"நாப்பதா? மொட்டையாவா?"

இருசப்பனுக்கு விளங்கவில்லை. "நாப்பது கண்ணி சுத்தமா ஒக்காருது மூசே. பாருங்க, ஒரு நூலு எடமில்ல."

"யோவ், கல்யாணத்துல மொய் எழுதறவன்கூட மொட்டையா நாப்பது எழுத மாட்டான். ஒண்ணு சேத்துதான் எழுதுவான். எம் மோட்டாருக்கு மட்டும் மொட்டை நம்பரா? நாப்பத்தொண்ணா வெய்."

"மொய்க்கு வெக்கலாம் மூசே, அது பையில போறது. இது சங்கிலியில போறது. இதே வட்டத்துல ஒண்ணு கூட்டினா பல்லு நெருங்கிடும். கண்ணியில நொழையாது, மேல ஏறி அறுக்கும்."

"நான் சகுனம் பாக்கறவன்னு நெனச்சிக்காத. இது சயன்சு. பிரான்சுல இப்ப எல்லாமே ஒத்தப்படைதான்."

வருஷத்துக்கு இரண்டு முறை மூடநம்பிக்கையை எதிர்த்துச் சொற்பொழிவு செய்கிறவர் அவர். பிரான்சு ஒற்றைப்படைக்கு மாறிவிட்ட செய்தியை அன்று காலை இட்லி வைக்கும்போது அவர் மனைவி விசாலாட்சியம்மாள்தான் சொல்லியிருந்தாள்.

"அப்பிடின்னா இத்தவிடப் பெரிய தகடு வேணும் மூசே. சுத்தளவு ஒரு அங்குலம் கூடணும்."

"தகடு வர பத்து நாளாவும். புதுச்சேரி விவசாய இலாகாத் துரை ஆடி பதினாறாந்தேதி வராரு. பாகூர்லேர்ந்து நம்ம தோட்டம் வரைக்கும் சேத்துலயே கூட்டியாறேன்னு எழுதிப்புட்டேன். இரும்புதானே? அடிச்சா விரியாதா?"

"விரியும் மூசே. ஆனா விரியற எடம் மெலியும்."

"வுவாலா! விரியும்னு நீயே சொல்லிட்ட பாரு" என்று முசியே திரும்பி நடந்தார்.

அன்று பொழுது சாய வீட்டுக்கு வந்த இருசப்பன் வாசற்குவியலைப் பார்க்காமல் உள்ளே போனான். காசம்மாள் கேழ்வரகுக் கூழும், கடலோர நல்லவாட்டிலிருந்து வந்த சுட்ட கருவாடும் வைத்தாள். கருவாட்டைக் கிள்ளிக் கிள்ளி வைத்துக்கொண்டு அவன் நடந்ததைச் சொன்னான்.

"அட ஏன்யா, நாப்பதே வெச்சிப்புட்டு நாப்பத்தொண்ணுன்னு சொல்லேன். எண்ணியா பாக்கப் போறாரு?"

"அந்தம்மா வந்து பல்லுக்குப் பல்லு குங்குமம் வெக்கப் போறாங்களாம்."

"அப்ப கண்டிப்பா எண்ணுவாங்க." காசம்மாள் கூழ்ச் சட்டியைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டாள். "முடியாதுன்னு சொல்லிப் பாத்தியா?"

"ஆவாதுன்னு சொன்னேன்."

"ஆவாது வேற, முடியாது வேற. ஆவாதுன்னா இரும்பு மேல போடற. முடியாதுன்னா உம்மேல போட்டுக்கணும். அத்தச் சொன்னியா?"

"இந்த வூடு நிக்கற மண்ணு யாருது?"

"அவருது."

"ஒலைக்குப் போடற கரி?"

"அவரு தோப்புது."

"அப்ப கூழ ஊத்து."

மறுநாள் காசம்மாளே போனாள். முசியே சாய்வு நாற்காலியில் ஒரு மோட்டார் படப் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். எழுத்தெல்லாம் பிரெஞ்சு என்பதால் படங்களையே ஆழ்ந்து படிப்பது அவர் வழக்கம்.

"மூசே, ஒரே மூணு நாளு அவர வுடுங்க. ஊருக் கொழு அம்பதுக்கு மேல எங்க வாசல்ல கெடக்குது. ஆடி பதினெட்டு தாண்டிச்சின்னா எங்க சுதந்திரம் பூடும். வூட்டுக்கு வேணாம், இங்கயே, உங்க கொட்டாயிலயே அடிச்சிக் குடுத்துடறோம்."

"கராஜுலயா? கொழுவா?" முசியேவுக்கு உண்மையாகவே வலித்தது. "காசம்மா, நீ கொழுவப் பாக்கற. நான் ஏரே இல்லாத காலத்தப் பாக்கறேன். இந்த வண்டி ஓடிச்சின்னா அடுத்த வருஷம் ஊரையே இது உழும்."

"அடுத்த வருசம் உழுவட்டும் மூசே, யாரு வேணாங்கறாங்க? இந்த வருசம் மாடுதானே உழுவுது?"

"வுவாலா" என்றார் முசியே, பக்கத்தைப் புரட்டி.

திரும்பும்போது காசம்மாள் கராஜுக்குள் எட்டிப் பார்த்தாள். சுவரோரம் பன்னிரண்டு கொழுக்கள் புதுக் கருக்கோடு பளபளவென்று சாய்ந்திருந்தன.

"இது யாருது?"

"அவருதுதான்" என்றான் இருசப்பன் உலையிலிருந்து கண்ணெடுக்காமல். "போன வாரமே அடிக்கச் சொல்லிட்டாரு. அது கொழு இல்லியாம். பின்னால மோட்டார்ல மாட்டப் போற சாமானாம்."

அதன் பிறகு ஒன்பது நாள் அவன் தகட்டை விரித்தான். விளிம்பை மட்டும் பழுக்கக் காய்ச்ச வேண்டும். நடு கருத்தே இருக்க வேண்டும். குறட்டால் பிடித்து அடைகல்லில் வைத்து, ஓரமாகச் சாய்த்து அடி. ஒரு விரல் நகர்த்து, அடி. ஒரு சுற்று முடிந்தால் மறுபடி உலை. துருத்தி ஊதக் காசம்மாளும் போனாள். முசியே வீட்டு ஆட்களுக்கு ஊதத் தெரியவில்லை, ஒரேயடியாய் ஊதி ஒரு பக்கம் உருக்கப் பார்த்தார்கள். ஆனி வெயில் மேலே, உலை கீழே. இரும்பு தகடாய் இல்லாமல் அப்பளமாய் விளிம்பில் நெளிந்தது. நெளிவைத் தட்டி நிமிர்த்தினால் இன்னொரு பக்கம் எழும்பியது. ஒவ்வொரு நாள் முடிவிலும் அவன் சங்கிலியைச் சுற்றிப் பார்ப்பான். அரை விரல் போதாது. கால் விரல் போதாது. ஒன்பதாம் நாள் நாற்பத்தொன்றாவது கண்ணி முனகிக்கொண்டே உட்கார்ந்தது.

காசம்மாள் விளிம்பைத் தடவிப் பார்த்தாள். "கரண்டி ஓரம் மாதிரி கீதுய்யா."

"தெரியுது."

"இது சேத்த இழுக்குமா?"

"கேக்காத."

பல் வெட்டி அரம் போட்டு முடித்த அன்று விசாலாட்சியம்மாள் தாம்பாளத்தோடு வந்தாள். ஒவ்வொரு பல்லாய்த் தொட்டு எண்ணிக் குங்குமம் வைத்தாள். நடுவில் ஒருமுறை எண்ணிக்கை தவறி, எல்லாவற்றையும் துடைத்துவிட்டு முதலிலிருந்து வைத்தாள். நாற்பத்தொன்று முடிந்ததும் கற்பூரம் காட்டி, "நெறைஞ்சாப்ல இருக்குது பாருங்க" என்றாள். முசியே, "நான் சொன்னேனே, சயன்சு" என்றார்.

தென்னந்தோப்பில் வெள்ளோட்டம் நடந்தது. வண்டி புகைந்து, இருமி, இருநூறு அடி ஓடி ஒரு தென்னையில் மோதாமல் நின்றது. கூடியிருந்தவர்கள் கைதட்டினார்கள். முசியே இறங்கி எல்லோரையும் பார்த்துச் சிரித்தார். வண்டிக்குப் பின்னாலேயே ஓடிய இருசப்பனுக்கு மட்டும் பல்சக்கரம் போடுகிற சத்தம் கேட்டது.

"மூசே, மேட்டுலயே ஓட்டுங்க. சேத்துல எறக்க வேணாம். பல்லு தாங்காது."

"சேத்துக்குன்னு செஞ்ச மோட்டார மேட்டுல ஓட்டினா துரை இன்னாய்யா நெனைப்பாரு?"

"அடைகல்ல மட்டும் இன்னிக்கி எடுத்துக்கினு போவட்டா?"

"துரை வந்துட்டுப் போவட்டும். நடுவுல எதுனா ஒண்ணுன்னா நீ வேணாமா?"

ஆடி பதினாறு விடிந்ததும் மழை பிடித்துக்கொண்டது. விவசாயத் துரை பாகூர் வரை தன் காரில் வந்தார். அங்கே மாலை, எலுமிச்சம்பழம், நாதஸ்வரம். முசியே தலைப்பாகையின் மேல் ஒரு மோட்டார்க் கண்ணாடியை ஏற்றிக் கட்டியிருந்தார். துரையை முன்னே ஏற்றிக்கொண்டு லா விக்துவார் கிளம்பியது. முதல் அரை மைல் மேட்டு நிலம். வண்டி குலுங்கிக்கொண்டு போயிற்று. பின்னாலேயே ஊர் ஓடியது. எல்லோருக்கும் முன்னால், கையில் சுத்தியோடு இருசப்பன் ஓடினான்.

பிறகு வரப்பு இறங்கியது.

முதல் பல் போன சத்தம் யாருக்கும் கேட்கவில்லை. தாலிக்குண்டு தரையில் விழுந்த அளவுக்குத்தான். இருசப்பன் கத்தினான்: "நிறுத்துங்க மூசே! நிறுத்துங்க!" முசியே அதை உற்சாகப்படுத்துகிற சத்தம் என்று எடுத்துக்கொண்டு இன்னும் அழுத்தினார். அடுத்து மூன்று பல் ஒன்றாகப் போயின. பிறகு முறுக்கு கடிக்கிற மாதிரி வரிசையாக நொறுங்கியது. சங்கிலி துள்ளி எழுந்து, பாம்பாகச் சேற்றில் விழுந்தது. என்ஜின் முன்னைவிட ஆனந்தமாக ஓடிக்கொண்டிருந்தது. சக்கரங்கள் அசையவில்லை.

முசியே மூன்று பிரெஞ்சு வார்த்தை சொன்னார். மூன்றும் மன்னிப்பு. துரை கடிகாரத்தைப் பார்த்தார், சேற்றைப் பார்த்தார். அவர் முழங்கால் வரைக்கும் பூட்சு போட்டிருந்தார். இறங்கி, ஒரு கையில் குடையைப் பிடித்துக்கொண்டு, தோட்டம் இருக்கும் திசையில் சளக்சளக்கென்று நடந்தே போய்விட்டார். போகும்போது சிரித்துக்கொண்டு ஏதோ சொன்னார்.

"துரை இன்னா சொன்னாரு மூசே?" என்று யாரோ கேட்டார்கள்.

"ரொம்ப சந்தோஷம்னாரு" என்றார் முசியே. மோட்டார்க் கண்ணாடியில் சேறு இருந்தது.

தங்கவேலும் இன்னும் இருவரும் மாடு பூட்டி மோட்டாரை இழுத்தார்கள். இருசப்பன் குனிந்து, சேற்றைத் துழாவி, முறிந்த பற்களைப் பொறுக்கினான். சில பற்களில் குங்குமம் அப்படியே இருந்தது.

அன்றே அடைகல் கிடைத்திருந்தால், இரண்டு ராத்திரி ஒரு பகலில் அவனும் காசம்மாளும் பாதிக் கொழுவையாவது முடித்திருப்பார்கள். ஆனால் முசியே அவமானத்தில் படுத்துவிட்டார். கராஜைப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு, கதவைச் சாத்திக்கொண்டு, யாரையும் பார்க்க முடியாது என்று சொல்லிவிட்டார். இருசப்பன் அன்று பொழுது சாயப் போய் நின்றான். ராத்திரியும் நின்றான். மறுநாளும் நின்றான். காசம்மாள் கொல்லைப்பக்கம் போய் விசாலாட்சியம்மாளைக் கேட்டாள்.

"அவரே சோறு எறங்காம கெடக்கறாரு. இந்த நேரத்துல போயி சாவியக் கேக்கச் சொல்றியே, உனக்கே நல்லாருக்குதா?" என்றாள் அவள்.

ஆடி பதினெட்டு அன்று பொழுது விடிய, குவியலிலிருந்து ஒவ்வொருவராய் வந்து தங்கள் துணி, தங்கள் கீற்று, தங்கள் கயிறு பார்த்துக் கொழுவை எடுத்துக்கொண்டு போனார்கள். யாரும் திட்டவில்லை. திட்டியிருந்தால் காசம்மாளுக்குக் கொஞ்சம் தெம்பாக இருந்திருக்கும். தங்கவேல் கடைசியாக வந்தான்.

"ஆத்தத் தாண்டிப் போறோம். இன்னா பண்றது காசம்மா?"

"போங்கண்ணா. மழ நிக்கறதுக்குள்ள போங்க."

அடுத்த வாரம் பாகூரில் மேரி என்று சொல்லுகிற, ஊராட்சி நடத்தும் கொம்மின் கச்சேரி வளாகத்தில் கூட்டம் போட்டார்கள். கொம்மின் அங்கத்தினர் என்ற முறையில் நடுவில் உட்கார்ந்தவர் முசியே அரங்கநாதன். எழுந்து நடமாடி, சவரம் செய்துகொண்டு, நியாயம் சொல்கிற அளவுக்கு அவர் தேறியிருந்தார்.

"ஆசாரி எனக்கு வேண்டியவன்தான். அது வேற. நியாயம்னு வந்துட்டா நியாயம்தான். ஊருக்குப் பொதுவா இருக்க வேண்டியவன், ஊரு வேலய வுட்டுட்டு ஒரே வூட்டுல போயி மூணு மாசம் குந்திக்கினது தப்பா இல்லியா?"

கூட்டம் தரையைப் பார்த்தது.

"உங்க வூட்டுலதானே மூசே" என்றான் இருசப்பன்.

"எந்த வூடுங்கறது இப்பக் கேள்வி இல்ல. சட்டத்துக்கு வூடு வாசல் கெடையாது. தங்கவேலு, நீ சொல்லு. உங் கொழு அடிபட்டுச்சா, இல்லியா?"

தங்கவேலின் கழனிக்குத் தண்ணீர் முசியேயின் கால்வாய் வழியாகத்தான் வர வேண்டும். அவன் துண்டின் முனையை முறுக்கினான். "அடிபடல மூசே" என்றான். அது உண்மைதான்.

"வுவாலா. அப்ப ஆசாரி சுதந்திரத்தச் சாமிநாதனுக்கு மாத்தறதுன்னு ஊரு முடிவு பண்ணுது."

இருசப்பன் அதுவரை கைகட்டி நின்றவன், திடீரென்று கையை அவிழ்த்துக் கச்சேரி முகப்பைக் காட்டினான். அங்கே சுவரில் பெரிய பிரெஞ்சு எழுத்தில் மூன்று வார்த்தைகள் இருந்தன.

"அத்த எப்பிடி மூசே மாத்துவீங்க? போன மாசம் கொடி ஏத்தினப்ப நீங்கதானே படிச்சி சொன்னீங்க, மொத வார்த்த சுதந்திரம்னு? எந்தச் சர்க்காரு வந்தாலும் அத்தப் பிடுங்க முடியாதுன்னீங்களே. சர்க்காரே செவுத்துல எழுதி வெச்சிருக்கறத ஊரு எப்பிடி எடுக்கும்?"

கச்சேரிக் குமாஸ்தா முதலில் சிரித்தார். பிறகு எல்லோரும் சிரித்தார்கள். தங்கவேல் மட்டும் சிரிக்காமல் துண்டை அவிழ்த்து மறுபடி முறுக்கினான். முசியேகூடச் சிரித்துவிட்டார், துரை வந்துபோனதற்குப் பிறகு அன்றுதான்.

"அது வேற சுதந்திரம்யா. அது மனுஷன்னு பொறந்த எல்லாருக்கும் உள்ளது."

"எல்லாருக்கும்னா எனக்கும்தானே மூசே?"

"உனக்கும்தான். யாரு இல்லேன்னது? ஆனா அதுல நெல்லு வராது."

சாமிநாதன் ஆவணி முதல் தேதி குடும்பத்தோடு ஆற்றைக் கடந்து வந்து, ஊருக்குக் கிழக்கே பட்டறை போட்டான். நல்ல மனிதன். வந்த அன்றே இருசப்பன் வீட்டுக்கு வந்து, "நான் கேட்டு வரலண்ணா, கூப்பிட்டாங்க, வந்தேன்" என்றான். காசம்மாள் அவனுக்கு மோர் கொடுத்தாள். அவன் குடித்துவிட்டு, எங்கே பார்ப்பது என்று தெரியாமல் சொம்பையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுப் போனான். அதற்குப் பிறகு காலையில் அவன் துருத்தி மூச்சு விடுகிற சத்தம் இந்த வீடு வரை கேட்டது. அது கேட்கிறபோதெல்லாம் காசம்மாள் ஏதாவது பாத்திரத்தைத் தேய்த்தாள். வீட்டில் தேய்க்க அதிகம் பாத்திரம் இல்லை.

நான்காம் நாள் தூறலில் ஒரு குடை வந்து வாசலில் நின்றது. முசியே. வாசல் காலியாக, பெருக்கிவிட்ட மாதிரி இருப்பதைப் பார்த்து அவருக்குத் திருப்தியாக இருந்தது.

"இன்னா ஆசாரி, சும்மாதானே குந்திக்கினு இருக்கற?"

இருசப்பன் எழுந்து நின்றான்.

"தப்பு எங்க நடந்துதுன்னு கண்டுபிடிச்சிட்டேன். பின்சக்கரம் மட்டும் இழுத்தா பத்தாது. முன்சக்கரமும் இழுக்கணும். நாலு சக்கரம், நாலு பல்சக்கரம். தகடு நேத்தே வந்துடுச்சி. போன வாட்டி ஊருக்காரனுங்க கொழு கொழுன்னு உன் உயிர எடுத்தாங்க, பாவம், உனக்கு வேலயில மனசு நிக்கல. இப்ப அந்தத் தொந்தரவு ஒண்ணும் இல்லியே."

காசம்மாள் உள்ளேயிருந்து வந்து நிலைப்படியில் நின்றாள். "போறியா?" என்று புருஷனை மட்டும் பார்த்துக் கேட்டாள்.

அவன் துண்டை உதறித் தலையில் போட்டுக்கொண்டான்.

"முடியாதுன்னு ஒரு வார்த்த இருக்குதுய்யா."

"இருக்குது" என்றான் இருசப்பன். செருப்பைத் தேடினான். கிடைக்காமல், வெறுங்காலோடு இறங்கினான்.

முசியே முன்னால் நடந்தார். குடை ஒருவர் குடை. முன்சக்கரம் திரும்பும்போது சங்கிலி எப்படித் திரும்பும் என்பதற்குத் தான் யோசித்து வைத்திருக்கிற வழியை அவர் சொல்லிக்கொண்டே போனார். அந்த வழியில் எந்த இரும்பும் திரும்பாது என்பது இருசப்பனுக்குப் பத்தாவது அடியிலேயே தெரிந்துவிட்டது. துண்டை இழுத்து மூடிக்கொண்டு நடந்தான். தூறல் வலுத்தது. வரப்பு வழுக்கியதில் அவன் கொஞ்சம் பின்தங்கினான்.

முசியே நின்று, குடைக்குள்ளிருந்து திரும்பிப் பார்த்தார்.

"மெதுவாவே வா, ஆசாரி, ஒண்ணும் அவசரமில்ல. இனிமே உன் நேரமெல்லாம் நம்மளுதுதானே."